தபால்கார அண்ணனோடு காவிரிக்கரையில் ஒரு வாரம்

பவானிக்குள் நுழைந்து அண்ணன் வீட்டுத் தெருவில் திரும்பியதும், வாசலில் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு செம்பு மோரோடு நிற்பது தெரிந்தது. அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இடது காலைத் தரையில் ஊன்றி, வலது கால் பெடலிலேயே இருக்க, செம்பை வாங்கி அண்ணாந்து குடித்து முடித்தார். "உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போலாமில்ல?" என்றார் அக்கா. "உள்ள வந்தா அப்புறம் பயணம் எங்க? ராத்திரிக்கு ஈரோட்டுல தங்கிக்கறோம்" என்று செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

பவானியிலிருந்து ஈரோடு 15 கிலோமீட்டர். சொந்த வீட்டைத் தாண்டிப் போய், 15 கிலோமீட்டர் தள்ளி லாட்ஜில் வாடகை கொடுத்துப் படுக்கிற ஆளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அக்கா மறுபேச்சுப் பேசாமல் நாங்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்கு 66 வயது, எனக்கு 38. உறவு எதுவும் கிடையாது. வேலைக்காகப் பவானிக்குக் குடிவந்த புதிதில், காலையில் கூடுதுறைப் பக்கம் ஒரு டீக்கடையில் என் கியர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றபோது அவராகவே வந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். "வறண்டு கெடக்குது கண்ணு. ரெண்டு சொட்டு எண்ணெ உடு." அதுதான் அறிமுகம். அதற்கப்புறம் ஆறு வருடமாக வாரத்தில் நாலு நாளாவது அதே கடையில் சேர்ந்து டீ குடிக்கிறோம்.

அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். 36 வருட வேலை, எல்லாமே சைக்கிளில். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். பீட்டை, அதாவது தபால் கொடுக்கிற ஊர்களை, ஒரு தடவை சுற்றி வர 25 கிலோமீட்டர் ஆகும் என்றார். வருடத்துக்கு 300 நாள் என்று வைத்து டீக்கடை மேசையிலேயே கணக்குப் போட்டேன். 2,70,000 கிலோமீட்டர் வந்தது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆக ஆறு தடவைக்கு மேல் உலகத்தைச் சுற்றியிருக்கிறார். எண்ணைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அத்தனையும் இந்தப் பத்து ஊருக்குள்ளயே ஓட்டியிருக்கறன். காலையில போனா சாயங்காலம் திரும்பியாகோணும். ஒரு நாளும் ஒரு பக்கமாப் போனதில்ல கண்ணு" என்றார். அப்புறம் ஆற்றைக் காட்டி, "இது தெனமும் போகுது. எங்க போயி முடியுதுன்னு நான் பாத்ததில்ல" என்றார்.

பயணம் அங்கேதான் முடிவானது. மேட்டூர் அணையிலிருந்து பூம்புகார் வரை ஏறத்தாழ 360 கிலோமீட்டர், முடிந்த அளவு கரையை ஒட்டியே. தை பிறந்து ஐந்தாம் நாள் கிளம்பினோம். மேட்டூரிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. அந்தக் கெடு முடிவதற்குள் போனால்தான் கடைசி வரை ஆற்றில் தண்ணீரைப் பார்க்க முடியும் என்பது அவர் போட்ட கணக்கு.

அவருடைய சைக்கிள் பழைய 22 இஞ்சு. கம்பி பிரேக், பெரிய கேரியர், கியர் கிடையாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஓவராயில் பண்ணி, இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, பின்பக்கம் புது டயர் போட்டிருந்தார். சாமான் கட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. நான் என் பையைக் கேரியர் மேல் உயரமாகக் கட்டியிருந்தேன். அவர் ஒரு பழைய பையை இரண்டாகப் பிரித்துத் தைத்து, கேரியரின் இரு பக்கமும் தொங்குகிற மாதிரி போட்டிருந்தார். மேலே ஒரு பவானி ஜமுக்காளம் மட்டும், தட்டையாக மடித்தது. காரணம் கேட்டேன். "உயரமாக் கட்டினா காலச் சுத்திப் போட முடியாது." இடது கால் பெடலில், வலது காலால் தரையில் இரண்டு உந்து, அப்புறம் அந்தக் காலைப் பின்னால் சுழற்றி ஏறிக்கொள்வது. ஒரு நாளைக்கு நூறு வீட்டில் இறங்கி ஏறியவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பைக்குள் வேட்டி, துண்டு, ஸ்பேனர், பஞ்சர் சாமான், கைப்பம்பு. தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இருபது தபால் கார்டுகள், ஒன்று 50 காசு.

முதல் நாள் காலை மேட்டூரில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. 1934-இல் கட்டி முடித்த அணை. அதன் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கிறது. ஆறு எப்போதும் இறக்கத்தில்தானே போகும், நாமும் அதன் கூடவே போனால் பாதி வேலை மிச்சம் என்று நினைத்திருந்தேன். 240 மீட்டர் இறக்கத்தை 360 கிலோமீட்டருக்குப் பரப்பினால் சக்கரத்துக்கு ஒன்றும் தெரியாது. கரைச்சாலை மேடும் பள்ளமுமாகத்தான் போகிறது.

மேட்டூருக்கும் பவானிக்கும் நடுவில் ஆறு ஆறாகவே இல்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கிறது. நெரிஞ்சிப்பேட்டையில் விசைப்படகு அக்கரைப் பூலாம்பட்டிக்கு மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அங்கே அரைமணி நேரம் நின்றுவிட்டார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். நாலு நாளில் முடிப்பது, தினமும் 90 கிலோமீட்டர் என்பது என் திட்டம்.

அந்தத் திட்டம் மத்தியானத்துக்குள் உடைந்தது. அவர் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். நான் ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய், ஒரு மரத்தடியில் நின்று, அவர் வருவதைப் பார்த்துவிட்டு மறுபடி கிளம்புவேன். மூன்று தடவை இப்படி நடந்தது. அம்மாபேட்டை அருகில் நான்காவது தடவை அவர் வந்து சேர்ந்ததும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கண்ணு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத. நீ முன்னால போயி நின்னு வாட்ச்சப் பாக்கறப்ப, எனக்கு மெமோ வாங்கற மாதிரி இருக்குது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் கடிகாரத்தைப் பார்த்தது அவரைக் குறை சொல்ல இல்லை என்றாலும், அவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிக்கவே இல்லை. "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றேன். "அட, அதுக்கென்ன. பின்னால வா, போதும்" என்றார். அன்று முதல் அவர் முன்னால், நான் பின்னால். நாலு நாள் எட்டு நாளானது.

பின்னால் போனதால்தான் அவர் ஊர்களைப் பார்க்கும் விதம் எனக்குத் தெரிந்தது. ஊர் எல்லை வந்தால் பெயர்ப்பலகையைப் பார்க்கும் முன்பே பின்கோடு சொல்வார். மேட்டூர் அணை 636401. பவானி 638301. ஈரோடு 638001. அஞ்சல் குறியீட்டு எண் 1972-இல் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஓரளவு புதிது, பாதிக் கடிதங்களில் இருக்காது. இவர்களேதான் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதனால் மனப்பாடம் ஆகிவிட்டது. "மொத ரெண்டு நம்பர் எந்தப் பக்கம்னு சொல்லும், மூணாவது நம்பர் எந்த ஜில்லாக் கட்டுன்னு சொல்லும், கடைசி மூணு எந்த ஆபீஸ்னு சொல்லும். இதுக்கு மேல என்ன மேப்பு வேணும்?" என் கைப்பேசியில் ஒரு நீலப்புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு 638 முடிந்து 639 வந்தது, 639 முடிந்து 620 வந்தது.

இரண்டாம் நாள் ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்குக் காலிங்கராயன் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போனோம். பவானி ஆறு காவிரியில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அணை கட்டி, 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால், சுமார் 90 கிலோமீட்டர். நேராகப் போனால் இவ்வளவு தூரம் வராது. நிலத்தின் மட்டம் விடாமல் வளைந்து வளைந்து போவதால்தான் இவ்வளவு நீளம், இவ்வளவு வயலுக்குப் பாய்ச்சல். ஈரோட்டு நகருக்குள் அந்த வாய்க்காலைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. சாயமும் சாக்கடையும் கலந்து கறுத்துக் கிடந்தது. எழுநூறு வருடம் சோறு போட்ட தண்ணீரை இப்படி வைத்திருக்கிறோம். ஊர் தாண்டி இரண்டு மணி நேரம் மிதித்த பிறகுதான் இருபக்கமும் மஞ்சள் காடு, இலை காய்ந்து வெட்டுக்குத் தயாராக. மண்ணிலிருந்தே மஞ்சள் வாசம் எழுந்து வந்தது.

வளைவுகளைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஒரே குஷி. "இது பீட்டு மாதிரியே போகுது பாரு. குறுக்க போனா சீக்கிரம் போலாம், ஆனா வீடு உட்டுப் போயிரும்."

கொடுமுடியில் மகுடேசுவரரைக் கும்பிட்டு, வன்னி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள்தான் காவிரி தன் முழு அகலத்தையும் காட்டியது. புகளூர் தாண்டி, வாங்கல், நெரூர் வழியாகப் போனால் திருமுக்கூடலூரில் அமராவதி வந்து சேர்கிறது. மாயனூர்க் கதவணை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். மேல்பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், கீழ்ப்பக்கம் மணல் திட்டும் நாணலும். இந்தப் பகுதியை அகண்ட காவிரி என்று சொல்வதைப் படித்திருக்கிறேன். சைக்கிளில் பக்கத்திலேயே நாள் முழுக்கப் போகும்போதுதான் அந்த 'அகண்ட' என்பதன் கனம் தெரிகிறது. மாயனூரிலிருந்து குளித்தலை வரை வாழை, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் சாலை. லாலாப்பேட்டையில் வாழைத்தார்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கூலி ஆள் ஒருவர் நாங்கள் கேட்காமலே ஆளுக்கு ரெண்டு பழம் உரித்துக் கொடுத்தார். "எங்க போறீங்க?" "பூம்புகாருக்கு." "சைக்கிள்லயா? பெரியவரையும் கூட்டிக்கிட்டா?" அண்ணன் உடனே, "நான்தானுங்க இந்தத் தம்பியக் கூட்டிட்டுப் போறன்" என்றார். அது உண்மையும்கூட.

நான்காம் நாள் குளித்தலையை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரத்தில் அவர் சைக்கிளில் 'டக், டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. பின்னாலிருந்து எனக்கு நன்றாகக் கேட்டது. இறங்கிப் பார்த்தால் இடது பெடல் கட்டை ஆடியது. அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற காட்டர் பின் தேய்ந்துபோயிருந்தது. நெம்புகோலோ சுத்தியலோ எங்களிடம் இல்லை. நடந்தோம். சாலையில் வரிசையாக மோட்டார் சைக்கிள் கடைகள், சைக்கிள் என்று சொன்னதுமே கையை விரித்தார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி, ஒரு புளிய மரத்தடியில், மரப்பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அண்ணனைவிட மூத்தவர்.

அவர் எங்களை எதுவும் கேட்கவில்லை. கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். பால்ரஸ், நட்டு, வால் டியூப் துண்டுகள், அவற்றுக்கு நடுவில் மூன்று காட்டர் பின்கள், லேசாகத் துருவேறி. "இதக் கேட்டு ஆளு வந்து ரெண்டு வருசமாச்சு" என்றார். கட்டைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். அடி அச்சுக்குப் போகக் கூடாது, போனால் உள்ளே பால்ரஸ் உட்காரும் இடம் கெட்டுவிடும். பழைய பின்னை ரெண்டே அடியில் வெளியே தட்டினார். புதுப் பின்னின் சாய்ந்த பக்கத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, துளையில் விட்டுப் பார்த்து, எடுத்து மறுபடி ரெண்டு இழுப்பு. மூன்றாவது தடவை அது பாதியில் போய் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டார். சுத்தியலால் ஒரே அடி, நட்டைப் போட்டு இறுக்கி, மறுபடி ஒரு தட்டு, மறுபடி இறுக்கு. இரண்டு கட்டையும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முழுசாகப் பதினைந்து நிமிடம். பின்னுக்கும் கூலிக்கும் சேர்த்து 60 ரூபாய். அண்ணன் பணத்தோடு அவர் கையையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த இரண்டு பின்களில் ஒன்றையும் அந்தப் பெரியவர் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்காமல்.

அந்த நாலு கிலோமீட்டர் நடைதான் முழங்காலைப் பிடித்துவிட்டது. முக்கொம்புக்கு வந்தபோது அவரால் இறங்கி நிற்கச் சிரமமாக இருந்தது. பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் ஆற்றைப் பார்க்கப் போனேன். இங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் தரை தாழ்வு. அதனால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. அதைத் தடுக்க 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்ட ஆரம்பித்தார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் ஒரே இரவில் அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கிறது.

திரும்பி வந்து, நான் தவறு செய்தேன். "அண்ணா, ஸ்ரீரங்கத்துல டாக்டரப் பாத்துட்டு, நீங்க பஸ்ல மயிலாடுதுறை போயிருங்க. நான் வந்து சேந்துக்கறேன். சைக்கிள வேன்ல போட்டுக்கலாம்" என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ரிட்டயர்மெண்டு அன்னிக்கும் இப்படித்தான் மாலை போட்டு வேன்ல ஏத்தி உட்டாங்க. அந்த ஒரு நாள் மட்டும் சைக்கிள வேற ஆளு ஓட்டிட்டு வந்தான்."

அதற்கு மேல் பேசவில்லை. ஸ்ரீரங்கம் வரை இரண்டு பேரும் பேசாமலே மிதித்தோம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, சவ்வு ஒன்றும் கிழியவில்லை, வீக்கம்தான், ஒரு நாள் ஓய்வு போதும் என்றார். சீட்டை அரை இஞ்சு உயர்த்தினால் முழங்கால் அவ்வளவு மடங்காது என்று எனக்குப் பட்டது. கேட்டேன். "அந்த உயரம் 36 வருசமா அப்படியே இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஒரு நாள் தங்கிவிட்டுக் கிளம்பினோம். கல்லணையில் ஆறு கை விரிக்கிற மாதிரி பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். கரிகாலன் பெயரைச் சொல்லும் அந்தப் பழைய கல் அமைப்பு ஆழம் தெரியாத மணலில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான், மணலில் அடித்தளம் போடக் கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார்.

கல்லணையைத் தாண்டியதும் காற்று வந்தது. தை மாதத்துக் கொண்டல், நேராக முகத்தில். நாங்கள் போவதோ கிழக்கே. சமவெளியில் மரமும் கிடையாது, மறைவும் கிடையாது, இருபக்கமும் விளைந்து சாய்ந்த சம்பா நெல்தான். 12 கிலோமீட்டர் வேகம் எட்டாகிவிட்டது. திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால் அண்ணன் நின்றார். "இப்ப நீ முன்னால போ கண்ணு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாலு நாளாகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்தால் பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும், ஆனால் நெருக்கமாக வர வேண்டும், ரெண்டு முழத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. திரும்பித் திரும்பிப் பார்க்க எனக்கு மனமில்லை. மெமோ பேச்சு நினைவிலிருந்தது. அவர் சைக்கிளின் பின் மட்கார்டு லேசாக ஆடி, கிலுகிலுவென்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். சத்தம் தேய்ந்தால் நானும் மெதுவாக்குவேன், பக்கத்தில் வந்ததும் பழைய வேகம். திருவையாறு வரை அப்படியே போனோம். அங்கே அசோகா அல்வாவை வாழையிலைத் துண்டில் வாங்கிக்கொண்டு ஐயாறப்பர் கோயில் தெருவில் உட்கார்ந்தபோது அவர் சொன்னார், "மட்கார்டுச் சத்தம் கேட்டுத்தான ஓட்டின? சரி பண்ணோணும்னு நெனச்சேன், நல்லவேளை பண்ணல."

அடுத்த நாள் திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர். எங்கே பார்த்தாலும் அறுவடை. சாலையின் பாதியில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் பேருந்து, அறுவடை இயந்திரம், வைக்கோல் டிராக்டர், நாங்கள். நெல்லின் மேல் சைக்கிள் ஏறக் கூடாது என்று அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி உருட்டினார். கொள்முதல் நிலைய வாசல்களில் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள், பக்கத்திலேயே கட்டில் போட்டுக் காவல் காக்கிற ஆட்கள். திருவிடைமருதூருக்கு அப்பால், இன்னும் அறுக்காத வயலில் ஒருவர் எதையோ வீசி விதைத்துக்கொண்டு போனார். அண்ணனுக்குப் புரியவில்லை, போய்க் கேட்டார். உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நிற்கிற நெல்லுக்குள்ளேயே தெளித்துவிடுவார்கள். அந்த ஈரத்திலேயே முளைத்து, பனியிலேயே விளைந்துவிடுமாம், வேறு தண்ணீர் வேண்டாம். "கடைசிச் சொட்டக்கூட உடமாட்டாங்க போல இருக்குது" என்று அதிசயப்பட்டார்.

குத்தாலம் அருகில் ஒரு பாலத்தில் நின்றோம். கீழே காவிரி. எனக்கு அதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. மாயனூரில் கடல் மாதிரிப் பார்த்த ஆறு இங்கே ஒரு பெரிய வாய்க்கால், ஓங்கி எறிந்தால் கல் அக்கரையில் விழும். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு என்று வழியெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறது. "இவ்வளவு சின்னதாயிருச்சேண்ணா" என்றேன்.

அண்ணன் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "காலையில ஆபீஸ்ல இருந்து கிளம்பறப்ப பை தோள அமுத்தும். வீடு வீடாக் குடுத்துட்டுக் கடைசி வீட்டுக்குப் போறப்ப பை இருக்கறதே தெரியாது. இது பட்டுவாடா முடிச்சுட்டு வருது கண்ணு. வெறும் பையப் பாத்து யாராச்சும் வருத்தப்படுவாங்களா?"

மயிலாடுதுறை, 609001. துலாக்கட்டத்தில் ஐப்பசி மாதம் முழுவதும் நீராடுவது விசேஷம். ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்க முடியாத பக்தர் ஒருவர் கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாமல் மறுநாள் வந்து அழுதாராம். சாமி அவருக்காக ஒரு நாள் நீட்டிக் கொடுத்தார் என்பதால் கார்த்திகை முதல் தேதியை முடவன் முழுக்கு என்று கொண்டாடுகிறார்கள். படித்துறையில் பூ விற்கிற அம்மா இந்தக் கதையைச் சொன்னார். அண்ணன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வீங்கிய முழங்காலோடு படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். இரண்டு மாதம் தாமதம். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசி நாள் 24 கிலோமீட்டர்தான். மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை. அதற்கப்புறம் ஆற்றைத் தடுக்க எதுவும் இல்லை. பூம்புகாரில் மணலில் சைக்கிள் புதைந்ததால் இரண்டையும் தள்ளிக்கொண்டே முகத்துவாரம் வரை போனோம். மெல்லிய நீர்க்கோடு ஒன்று மணலை அறுத்துக்கொண்டு போய் அலைக்குள் மறைந்தது. அலை உள்ளே வரும்போது ஆறு கொஞ்சம் பின்வாங்கும், அலை போனதும் மறுபடி ஓடும். அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அது மணலில் நிற்கவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, உப்பும் தண்ணீரும் கலக்கிற இடத்தில் போய் நின்றார். கையில் எடுத்து ருசி பார்த்தார். ரெண்டடி முன்னால் போய் மறுபடி ருசி பார்த்தார். நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கைப்பேசியை எடுக்கவில்லை.

திரும்பும்போது மயிலாடுதுறையில் சைக்கிள்களைப் பார்சலில் போட்டு ரயில் ஏறினோம். அவர் வண்டி ஏறியதிலிருந்தே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். குளித்தலையை நெருங்கும்போது, "அந்தப் புளிய மரம் இங்கதான் எங்கயோ" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா தபால் கார்டுகளை சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். தங்கிய ஒவ்வொரு ஊரிலிருந்தும் அண்ணன் ஒன்று எழுதிப் போட்டது எனக்குத் தெரியும். என்ன எழுதினார் என்று தெரியாது. அக்கா முதல் கார்டை எடுத்துக் கொடுத்தார். ஈரோட்டில் போட்டது. குண்டு குண்டான எழுத்து. 'நலம். மதியம் கொடுத்த மோர் மிகவும் நன்றாக இருந்தது. நின்று சொல்ல முடியவில்லை.' அதற்குக் கீழே பின்கோடு, கட்டத்துக்குள் ஆறு எண்ணும் அச்சடித்த மாதிரி.

"கல்யாணம் ஆகி 40 வருசம். இவரு எழுதி எனக்கு ஒரு லெட்டர் வந்ததில்ல சாமி. வீட்ட உட்டுப் போனாத்தான எழுதறதுக்கு?" என்றார் அக்கா.

பூம்புகார்க் கார்டு மட்டும் இன்னும் வரவில்லை. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பெட்டியில் போட்டபோது அன்றைய கட்டு எடுத்துப் போயிருப்பார்கள், நடுவில் ஞாயிறு ஒன்று, ஆக இன்றைக்கு வந்தே ஆக வேண்டும். மணி பதினொன்றரை. தெருமுனையில் தபால்காரர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்து எழுந்து, தெருவில் இறங்கி நின்றார்.